வேறெங்கோ என்றால் எங்கே?

தேவ்நாரில் ஒரு மாலை. ஏழாவது மாடியில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும் கொண்ட வீடு. ஆச்சி சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறார். பேத்தி தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் பம்பாய் இந்தி, வீட்டில் திருநெல்வேலித் தமிழ் என்று மூன்று மொழிகளில் அவளுடைய நாள் ஓடுகிறது.

அன்றைய பாடம் இடத்தைக் குறிக்கும் வினையடைகள். ‘ஹியர்’ என்றால் இங்கே. ‘தேர்’ என்றால் அங்கே. ‘அப்ஸ்டேர்ஸ்’ என்றால் மாடியில். இதுவரை சிக்கல் இல்லை. அடுத்த சொல் ‘எல்ஸ்வேர்’. அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வேற எங்கயோன்னு அர்த்தம் ஆச்சி” என்கிறாள்.

“எங்கயோன்னா எங்கட்டி?”

“அது தெரியாது. இங்க இல்ல, வேற எங்கயோ.”

“தெரியாத எடத்துக்கு எதுக்குட்டி ஒரு வார்த்த?”

பேத்தி சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். ஆனால் ஆச்சியின் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அல்ல. தாராவியில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்தவர் அவர். சாலையை அகலப்படுத்தியபோது வீடு போயிற்று. மாற்று வீடு ‘வேறிடத்தில்’ தரப்படும் என்று காகிதம் வந்தது. அந்த வேறிடம் தேவ்நார்தான் என்பது, சட்டிபானைகளை டெம்போவில் ஏற்றுவதற்குப் பத்து நாள் முன்புதான் தெரியவந்தது.

இடத்தைச் சொல்லும் சொற்கள் பார்வைக்கு எளியவை. பேசுகிறவர் நிற்கும் இடம் ‘இங்கே’. அவர் நகர்ந்தால் ‘இங்கே’யும் கூடவே நகரும். தமிழில் இதற்கு ஒரு காலத்தில் மூன்று படிகள் இருந்தன. அ, இ, உ என்று மூன்று சுட்டுகளைத் தொல்காப்பியர் குறிப்பிடுகிறார். இங்கு, உங்கு, அங்கு. நடுவில் இருந்த ‘உங்கு’ தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் மட்டும் ‘உங்கை’ இன்னும் உயிரோடு இருக்கிறது. கேட்கிறவர் இருக்கும் பக்கத்தை அது சுட்டும்.

இவை எல்லாம் விரல் நீட்டும் சொற்கள். ‘எல்ஸ்வேர்’ விரலை மடக்கிக்கொள்கிற சொல். ‘இந்த இடம் அல்ல’ என்று சொல்வதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எந்த இடம் என்று கேட்டால் பதில் சொல்ல அது கடமைப்பட்டதில்லை.

ஆங்கிலத்தில் இதைக் கையாளுவதற்குச் சில முறைகள் உண்டு. இதன் முன்னால் ‘இன்’, ‘டு’ போன்றவற்றைச் சேர்க்கக் கூடாது. வேறிடத்தில் இருப்பதற்கும் அதே சொல்தான், வேறிடத்துக்குப் போவதற்கும் அதே சொல்தான். ‘ஃப்ரம்’ மட்டும் சேரலாம். தமிழ்ப் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வேறிடத்தில், வேறிடத்துக்கு என்று வேற்றுமை உருபைச் சேர்த்தே பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் எதையாவது ஒட்ட வைக்கப் பார்க்கிறது. ஆசிரியரின் சிவப்பு மை அதை அடித்துவிடுகிறது.

இது மாணவர்களின் தொல்லை. மொழிபெயர்ப்பாளர்களின் தொல்லை வேறு விதம். வானிலை அறிக்கையில் இந்தச் சொல் வந்தால் ‘மாநிலத்தின் மற்ற பகுதிகளில்’ என்று எழுதிவிடலாம். ஒரு பேராசிரியர் தம் கட்டுரையில் ‘இதை எல்ஸ்வேர் விளக்கியிருக்கிறேன்’ என்று எழுதினால், ‘வேறோர் இடத்தில் விளக்கியிருக்கிறேன்’ என்று தமிழாக்கலாம். அவசரத்தில் ‘வேறெங்கோ விளக்கியிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டால் போச்சு. பேராசிரியருக்கு ஞாபகமறதி என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

ஏன் அப்படி? தமிழில் ‘எங்கே’ என்ற வினாவின் வாலில் சேரும் ஓர் எழுத்து பொருளையே மாற்றிவிடுகிறது. ‘எங்கோ’ என்றால் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் பேசுகிறவருக்கு அது சரியாகத் தெரியாது. ‘எங்காவது’ என்றால் எந்த இடமானாலும் சரி. ‘எங்கும்’ என்றால் எல்லா இடமும். எதிர்மறையோடு வந்தால் ஓரிடமும் இல்லை. ஆங்கிலத்திலும் இவற்றைத் தனித்தனியே சொல்ல வழி உண்டு. ஆனால் எதையும் தேர்ந்தெடுக்காமல் தப்பித்துக்கொள்ள ‘எல்ஸ்வேர்’ என்ற சொல்லும் உண்டு. தமிழில் அந்தத் தப்பிக்கும் வழி குறுகலானது.

உதாரணமாக, ‘இங்கே குடியிருப்போர் எல்ஸ்வேர் குடியமர்த்தப்படுவார்கள்’ என்று ஓர் அறிக்கை சொல்கிறது. ‘வேறெங்கோ’ என்று எழுதினால் அறிக்கை எழுதியவருக்கே இடம் தெரியாது என்றாகிறது. ‘வேறெங்காவது’ என்று எழுதினால் எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்ற தொனி வந்துவிடுகிறது. ‘வேறிடத்தில்’ என்றால் இடம் முடிவாகிவிட்டது, சொல்லத்தான் இல்லை. ‘பிறிதோரிடத்தில்’ என்பது அதுவே கஞ்சி போட்ட சட்டையில் வருவது. மொழிபெயர்ப்பாளர் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அறிக்கையிலோ அதற்குத் துப்பு இல்லை.

தேவ்நாரின் வரலாறே ஏறக்குறைய இந்தச் சொல்லின் வரலாறுதான். நகரத்தின் குப்பையை எங்காவது கொட்ட வேண்டியிருந்தது. 1927 முதல் இங்கே கொட்டினார்கள். குப்பைமேட்டின் பரப்பு சுமார் 132 ஹெக்டேர். 2016 ஜனவரியில் அது தீப்பற்றி எரிந்தபோது எழுந்த புகை விண்வெளியிலிருந்து எடுத்த படங்களிலேயே தெரிந்தது. பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-ல் இங்கே வந்தது. பிறகு, தாராவியின் தோல் பதனிடும் கூடங்களையும் இங்கே போகச் சொன்னார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் பலருக்கு அந்தக் கூடங்கள்தாம் பம்பாயில் முதல் சோறு போட்டவை. நகரம் ‘வேறிடம்’ என்று சொன்னபோதெல்லாம் அதன் கண் இந்தக் கிழக்கு மூலையில்தான் விழுந்தது.

குப்பையையும் கூடங்களையும் நகர்த்தியதுபோல மனிதர்களையும் நகர்த்தினார்கள். டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்ற குடியிருப்பு இருந்தது. தமிழர்கள் நிறைந்த இடம். அங்கிருந்தவர்களில் பலர் ஏற்கெனவே நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், அதையும் இடித்தார்கள். சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப் என்ற சேற்று நிலத்துக்குப் போனார்கள். இந்த இடிப்பை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. 2018-ல் காலமானார்.

சில சமயம் ‘வேறிடம்’ என்பது சொந்த ஊராகவே இருந்துவிடுவதும் உண்டு. 1981 ஜூலையில், நடைபாதைகளில் வசிப்பவர்களை அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பப்போவதாக மகாராஷ்டிர முதல்வர் அந்துலே அறிவித்தார். அவர்களில் ஒருவர் சேலத்திலிருந்து 1961-ல் பிழைப்புத் தேடி வந்த தினக்கூலி. குடிசையை இடித்து அவரைச் சேலத்துக்கு பஸ் ஏற்றி விட்டார்கள். ஊரில் வேலை இல்லை என்பதால்தானே பம்பாய் வந்தார்? அவர் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் குடியேறினார். பிறகு உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர் ஆனார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லித் தரப்படுவது அந்த வழக்குத்தான்.

1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வாழ்வாதாரம் இல்லாமல் உயிர் வாழும் உரிமை இல்லை என்று சொன்ன நீதிமன்றம், இடிப்பதைத் தடை செய்யவில்லை. ஆனால் 1976-ல் கணக்கெடுக்கப்பட்டவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது. மாலவணியில் தரலாம், அல்லது வசதியான வேறிடத்தில் தரலாம், ஆனால் அது தூரத்தில் மாலவணியைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பும் கட்டியது. எல்லை இல்லாத சொல்லுக்கு நீதிபதிகள் போட்ட வேலி அது. பிடிகொடுக்காத அந்த வினையடைக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப்பெயரும் ஓர் அளவும் நின்றன.

நீதிமன்றத்துக்கு இந்தச் சொல் புதிதல்ல. ‘அலிபை’ என்று துப்பறியும் கதைகளில் அடிபடுகிறதே, அது லத்தீனில் ஒரு வினையடை. பொருள், ‘வேறிடத்தில்’ என்பதுதான். ‘எல்ஸ்வேர்’ என்பதில் உள்ள ‘எல்ஸ்’ஸும் ‘அலிபை’யில் உள்ள ‘அலி’யும் மொழியியல்படி ஒரே வேரில் கிளைத்த உறவுக்காரர்கள். பழைய சாட்சியச் சட்டத்தில் ஓர் உதாரணம் இருந்தது. குற்றம் நடந்தது கல்கத்தாவில். அன்றைக்கு அந்த ஆள் லாகூரில் இருந்தார். அது வழக்குக்குத் தொடர்புள்ள உண்மை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் கல்கத்தா சென்னை ஆகிவிட்டது, லாகூர் லடாக் ஆகிவிட்டது. தத்துவம் அதேதான். ‘நான் அங்கே இல்லை, வேறிடத்தில் இருந்தேன்’ என்று நிரூபித்தால் விடுதலை.

குடிசைவாசியின் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். ‘நான் வேறிடத்தில் இல்லை, இங்கேதான் இருந்தேன்’ என்று அவர் நிரூபிக்க வேண்டும். குறித்த தேதியில் இங்கே இருந்ததற்குக் காகிதம் வேண்டும். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது. வெள்ளத்தில் நனைந்தவை, எலி கடித்தவை, கடனுக்கு ஈடாகச் சேட்டிடம் போனவை எல்லாம் போக மிஞ்சியதை ரெக்சின் பையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு ‘வேறிடம்’ காப்பு. குடிசையில் இருப்பவருக்கு அதுவே தண்டனை.

ஆவணங்கள் எப்போதும் நடந்ததை நடந்தபடியே சொல்லும் என்றும் இல்லை. தேவ்நாரில் கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில் இருக்கிறது பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 1956-ல் தொடங்கப்பட்டது. அங்கே ஆய்வு செய்கிறவர்களுக்குக் குடிபெயர்வு அட்டவணைகள் அன்றாடப் பண்டம். பிறந்த இடத்தைச் சொல்லும் அந்த அட்டவணைகளில் ‘எல்ஸ்வேர்’ ஒரு தலைப்பாகவே இருக்கிறது: கணக்கெடுத்த இடத்தில் பிறந்தவர்கள், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பிறந்தவர்கள், மாநிலத்தின் பிற மாவட்டங்களில் பிறந்தவர்கள், பிற மாநிலங்களில் பிறந்தவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். தாராவிப் பெண் திருநெல்வேலிக்குப் போய்ப் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் கையில் குழந்தையோடு தாதரில் ரயிலை விட்டு இறங்குகிறாள். பிறந்த இடத்தை மட்டும் பார்த்தால் அந்தக் குழந்தை குடிபெயர்ந்து வந்த தமிழர். தாராவியைத் தவிர வேறு ஊரில் அது தவழ்ந்ததில்லை. இந்தக் குழப்பம் மக்கள்தொகை அறிஞர்கள் அறிந்ததுதான். கடைசியாக எங்கே வசித்தீர்கள் என்ற கேள்வியும் 1971 முதல் சேர்ந்து வருகிறது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று 2025-ல் அரசு அறிவித்திருக்கிறது. ‘எங்கே பிறந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு மும்பைத் தமிழர் சொல்லப்போகும் பதில் மறுபடியும் அந்தக் கட்டங்களில் ஒன்றில் போய் உட்காரும்.

அட்டவணையில் கட்டம் மாறுவதால் யாருக்கும் வீடு போய்விடாது. தாராவி மறுசீரமைப்பில் போகலாம். 2022-ல் வகுக்கப்பட்ட விதிகளை இடத்தைக் குறிக்கும் சொற்களை மட்டும் கவனித்துப் படித்துப் பார்க்கலாம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1-க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. அதற்கும் பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு.

உள்ளே, வெளியே, மாடியில். பேத்தியின் பாடப் பட்டியலில் உள்ள அதே சொற்கள். ஒரே ஏணியின் அடியில் அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம் என்றால் அண்ணன் இங்கே, தம்பி வேறெங்கோ. ‘இன் சிட்டு’ என்ற லத்தீன் தொடரை அதிகாரிகள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். 2015-ல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு பிரிவின் பெயரிலேயே அது இருக்கிறது. ‘இருந்த இடத்திலேயே’ என்று பொருள். இதில் ‘தாராவியில்’ என்பதற்கும் ‘தாராவியிலேயே’ என்பதற்கும் நடுவில் நிற்கும் அந்த ஏகாரம், இலக்கண வகுப்பில் தேற்றம் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். மும்பையில் அதன் விலை ஒரு வீடு.

அப்படியானால் தாராவிக்கு வெளியே என்றால் எங்கே? 2024-ல் மாநில அரசு ஒரு பதிலைச் சொன்னது. தேவ்நார் குப்பைமேட்டு நிலத்தில் ஏறத்தாழ 124 ஏக்கரை தாராவித் திட்டத்துக்கு ஒதுக்குவதாக முடிவெடுத்தது. நூறாண்டு சேர்ந்த குப்பையை அகற்றி நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டு வீடு கட்டுவதாகத் திட்டம். அந்த மண்ணில் குடியிருக்க முடியுமா என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கேட்கிறார்கள். தாராவிக்காரர்களும் கேட்கிறார்கள். தோல் பதனிடும் கூடம் போன வழியிலேயே அதில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் போக வேண்டியிருக்கலாம்.

இடம் பிடிக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி. முதலில் பெயராவது தெரிந்தது. பெயர் தெரிந்தால்தான் ரயில் நிலையம் எத்தனை தூரம், பள்ளி உண்டா, வேலைக்குப் போய்வர என்ன செலவாகும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்க முடியும். பெயர் இல்லாத இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ‘வேறிடத்தில்’ என்ற சொல்லில் அடங்கியிருக்கும் வசதி, அதை எழுதுகிறவருக்கு மட்டுமே உரியது.

தேவ்நாரில் ஏழாவது மாடியில் பேத்தி வீட்டுப்பாடத்தின் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ‘என் ஆச்சி முன்பு வேறிடத்தில் குடியிருந்தார்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டுகிறாள்.

“வேற எடம் என்னட்டி? தாராவின்னு எழுது.”

“தாராவின்னு எழுதினா எல்ஸ்வேர் வராதே ஆச்சி. மார்க் போயிரும்.”

“அப்ப ரெண்டையும் எழுது.”

பேத்தி யோசிக்கிறாள். அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ‘எல்ஸ்வேர்’ என்று எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, அதன் பிறகு இடத்தின் பெயரைச் சொல்ல ஆங்கிலம் தடை விதிக்கவில்லை. அவள் காற்புள்ளி வைத்து தாராவி என்று சேர்த்து எழுதுகிறாள். ஆச்சி சுளகைத் தட்டி, பொறுக்கிய கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைக்கூடை பக்கம் போகிறார்.